மூடிக்கு ஒரு கேஸ்கெட்

பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துப் பீங்கான் கரியடுப்பு வாங்கிய கிள்ளான் பள்ளத்தாக்குப் பெருமக்களின் இன்றைய துயரம், மூடி விளிம்பில் கருகிப்போன கேஸ்கெட் என்னும் அடைப்புப் பட்டை. காஜாங்கில் சத்தே சுடுபவருக்கு மூடியே இல்லை, ஒரு விசிறி போதும். பிரிக்பீல்ட்ஸ் தந்தூரி அடுப்பும் வாயைத் திறந்துகொண்டே நாணை உப்பவைக்கிறது. பிறகு இந்தப் பட்டை எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனால் இவ்வடுப்பு காற்றை அளந்து விட்டே நெருப்பை அடக்குகிறது. விளிம்பில் காற்று கசிந்தால், 110 டிகிரியில் மணிக்கணக்காக வேக வேண்டிய இறைச்சி அவசரப்படும். காற்றுத் துவாரங்களை அடைத்தாலும் கரி சீக்கிரம் அணையாது. தம் பிரியாணிக்காரர் இதே வேலையை மாவுப் பசையால் முடிக்கிறார், கூரியர் கட்டணமும் இல்லை.

தீயணைப்பாளர் உடைக்கு ஆகும் நோமெக்ஸ் இழையில் செய்த பட்டை அடுப்புக்கு ஆகாதா என்பார்கள். அந்த உடை நெருப்பில் சில நொடி நிற்பதற்கு. அந்த இழை தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 200 டிகிரிதான். பீட்சாவுக்காக 350-ஐத் தொடுகிறவர், 500 டிகிரி தாங்கும் கண்ணாடியிழைப் பட்டையை வாங்கட்டும். அதற்கு முன், மூடியின் கீல் கோணலா என்று பாருங்கள். கோணல் மூடிக்கு எந்தப் பட்டையும் உதவாது.