அரைமணி தொலைந்த ஊர்

சிங்கப்பூர்

அன்புள்ள மாமாவுக்கு,

சிங்கப்பூரில் பொழுது விடிவதே காலை ஏழு மணிவாக்கில்தான். ஆறரைக்குப் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் கொட்டாவி விடுகிறார்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்று. நம் திருநின்றவூரில் வெயிலுக்கும் கடிகாரத்துக்கும் பத்து நிமிஷம்தான் மனஸ்தாபம். இங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல்!

இந்த ஊர்க் கடிகாரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1905இல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். சூரியனுக்கு அதுதான் ஏறக்குறையச் சரி. 1933இல் இருபது நிமிஷம் கூட்டினார்கள், 1941இல் இன்னும் பத்து. 1942இல் ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்ததும் டோக்கியோ நேரம் வந்தது, ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் கூடுதல். அவர்கள் போனதும் பழைய ஏழரை.

பிறகு வந்தது மலேசியா. தீபகற்பத்துக்கு ஒரு நேரம், கடல் தாண்டிக் கிழக்கே இருக்கும் சபா, சரவாக்குக்கு அரைமணி முந்திய நேரம் என்றிருந்ததை அந்நாட்டுப் பிரதமர் மகாதீரின் அரசு ஒன்றாக்கியது. ஜெயித்தது கிழக்கு. இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி என்றால் வியாபாரம் என்னாவது? சிங்கப்பூரும் பின்னாலேயே போயிற்று. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். புத்தாண்டுக்குக் கடைசி நேரத்தில் கிளம்பியவர்கள் பாவம், வழியிலேயே வருஷம் பிறந்திருக்கும்.

சிங்கப்பூராவது பரவாயில்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் புலாஸ்கி என்றொரு விவசாய மாவட்டம். 2006 ஏப்ரலில் மத்திய நேரத்துக்குப் போனது. 2007 மார்ச்சில் கிழக்கு நேரத்துக்கே திரும்பிவிட்டது. போகவும் வரவும் அனுமதி கொடுத்தது வாஷிங்டனில் உள்ள போக்குவரத்துத் துறை! இதில் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. 1905 வரை நம் நாட்டு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின.

நேரத் தகராறில் நம்மூர்ப் பூசலார் நாயனாரை மிஞ்ச ஆளில்லை. அவர் மனசுக்குள் கட்டிய கோயிலின் குடமுழுக்குக்கும், காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்குக்கும் ஒரே நாள். சிவபெருமான் கனவில் வந்து, நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னது ராஜாவைத்தான். இங்கே சூரியனுக்காக அப்படிச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை.

ஒரு வேண்டுகோள், மாமா. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு நீங்கள் போன் போடும்போது இங்கே பன்னிரண்டரை. தயவுசெய்து ஏழரைக்குள் கூப்பிடுங்கள்.