மார்கழியில் ஏசி பழுது பார்ப்பது எப்படி

வாழ்த்துகள். உங்கள் கல்லூரியின் சமுதாயக் கல்லூரித் திட்டத்துக்கு உங்களை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். ஸ்டாஃப் மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் இந்த மாதிரிப் பதவிகள் தேடி வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு கலை அறிவியல் கல்லூரியில் குளிர்சாதனப் பட்டயப் படிப்பு ஒன்றைக் கருவிலிருந்து பெயர்சூட்டு விழா வரை நடத்திக்கொடுத்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதற்கு ஏசி பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முன்மொழிவின் முதல் பக்கத்தில் வரலாறு வேண்டும். 1901-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நீட்சியாக ஆறே மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கியது. 1947-ல் வந்த ட்ரூமன் குழுவின் அறிக்கை ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரை அந்த நாடெங்கும் பரப்பியது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அதை நம் பக்கம் கொண்டுவந்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு தனித் திட்டமாக்கிப் பணமும் ஒதுக்கியது. இவ்வளவு போதும். ஆறு மாணவர் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். முதல் ஆண்டுச் சேர்க்கை முடிந்த பிறகு அந்த எண்ணிக்கை உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்து, என்ன படிப்பு என்று முடிவு செய்ய வேண்டும். ஊரில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள் என்று விசாரிப்பது ஒரு வழி. எந்தத் துறையில் ஒர்க்லோடு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது அனுபவசாலிகளின் வழி. எங்கள் கல்லூரியில் அந்த வருடம் இயற்பியலில் பாதி இடம் காலி. ஏசி என்பது வெப்ப இயக்கவியல், வெப்ப இயக்கவியல் என்பது இயற்பியல், ஆகவே ஊருக்கு ஏசி மெக்கானிக்குகள் தேவை என்று ஒரே மதியத்தில் நிரூபித்துவிட்டோம். விலங்கியலில் இடம் காலியாக இருந்திருந்தால் இறால் வளர்ப்பு வந்திருக்கும். எங்கள் ஊரிலிருந்து கடல் நூற்றைம்பது கிலோமீட்டர்.

இந்த இடத்தில் யாராவது ‘டேக்கம்’ என்று ஒரு முறை இருக்கிறதே என்று சொல்லக்கூடும். 1960-களின் இறுதியில் கனடாவில் பிறந்த முறை அது. அந்தத் தொழிலில் நன்றாக வேலை செய்கிற பத்துப் பேரை இரண்டு நாள் ஓர் அறையில் உட்காரவைத்து, தினமும் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். சுவர் நிறைந்ததும் அதிலிருந்துதான் பாடத்திட்டம் பிறக்கும். தயவுசெய்து இதைச் செய்துவிடாதீர்கள். மெக்கானிக்குகளிடம் பேசினால் அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.

நான் ஒருவரிடம் தெரியாத்தனமாகக் கேட்டுத் தொலைத்தேன். பஸ் ஸ்டாண்டு பின்னால் கடை வைத்திருப்பவர், இருபது வருட அனுபவம். “பசங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கணும்ணே?” என்றேன். கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு யோசித்தார். “மொதல்ல மூணாவது மாடி செவுத்துல பெல்ட் கட்டி நிக்கத் தெரியணும் சார். காப்பர் பைப்ப நசுங்காம வளைக்கணும். ஃபிளேர் பண்ணி நட்டு போட்டா சோப்பு நுரை வச்சுப் பாக்கணும், முட்டை வரக்கூடாது. வேக்கம் போடாம கேஸ் ஏத்துறவன என் கடையில சேக்க மாட்டேன். அப்புறம் வீட்டுக்குள்ள போனா செருப்பு, சோபா. கேஸ் ஏத்த ஏன் இவ்வளவு காசுன்னு அந்தம்மா கேட்டா கோவப்படாமச் சொல்லணும். இத எங்க சார் படிக்கிறது?” அவர் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்றும் என் மேஜையில் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இருப்பதற்குக் காரணம், அதை எங்கும் பயன்படுத்தவில்லை.

கிரெடிட் கணக்குக்கு வருவோம். நாங்கள் தொடங்கியபோது ஓராண்டுப் பட்டயத்துக்கு 60 கிரெடிட்: திறன் பகுதி 36, பொதுக்கல்வி 24. வகுப்பில் நடத்துவதென்றால் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், பட்டறையில் செய்வதென்றால் அதற்கு இரட்டிப்பு நேரம். இதைப் படித்தவுடன் கணக்குத் தெரிந்த எவருக்கும் ஓர் உண்மை பளிச்சிடும்: தியரிதான் லாபம். பைப் வளைக்கப் பட்டறை வேண்டும், பைப் வேண்டும், வளைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ‘குளிர்சாதனத்தின் வரலாறு’ நடத்த ஒரு நாற்காலி போதும். 1902-ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தில் ஊதிப்போகாமல் இருக்க வில்லிஸ் கேரியர் என்ன செய்தார் என்பதைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். நான் கேட்டேன். நல்ல விடைகள் வந்தன.

இனி யூனிட் பிரிப்பது. இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எந்தப் பாடமாக இருந்தாலும் நம்மிடம் ஐந்து யூனிட். சோழர் வரலாறு ஐந்து யூனிட், கால்குலஸ் ஐந்து யூனிட், கவிதை ஐந்து யூனிட். வினாத்தாளே ஐந்தை நம்பித்தான் நிற்கிறது; யூனிட்டுக்கு இரண்டு குறுவினா, ஒரு ‘அல்லது’. ஆனால் ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் முக்கியமான பாகங்கள் நான்குதான்: கம்ப்ரசர், கண்டென்சர், கேப்பிலரி, எவாப்ரேட்டர். இயற்கை ஒரு யூனிட்டை விட்டுவிட்டது. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பக்கத்து மேஜை வேதியியல் பேராசிரியர்தான் காப்பாற்றினார்: “அஞ்சாவது யூனிட் ‘அண்மைக்காலப் போக்குகள்’னு போடுங்க சார். நாங்க இருவத்தஞ்சு வருஷமா அப்படித்தான்.”

அண்மைக்காலம் என்பது நீங்கள் எந்தப் பாடத்திட்டத்திலிருந்து நகல் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்களுடையதில் ஆர்-12 வாயு இருந்தது. 1987-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு நாள் குறித்து, 2010-க்குள் நம் நாட்டிலிருந்தும் வழியனுப்பிவிட்டது. இப்போது வீட்டு ஃப்ரிட்ஜில் வருவது பெரும்பாலும் ஆர்-600ஏ. அது சமையல் காஸுக்கு நெருங்கிய சொந்தம், தீப்பிடிக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரேசிங் போடக்கூடாது என்பதைச் சொல்லிக் கொடுக்க எந்த யூனிட்டிலும் இடமில்லை. வகுப்பில் பதினாலாம் நம்பர் பையன் எழுந்து, “ஆர்-12 சிலிண்டர் எங்க சார் கெடைக்கும்?” என்று கேட்டான். ஓய்வு நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன், நக்கலுக்குத்தான் கேட்டிருப்பான். பரீட்சையில் கிடைக்கும் என்றேன்.

நகல் எடுக்கும்போது பழைய கல்லூரியின் பெயரை மாற்ற மறக்காதீர்கள். முகப்பில் மாற்றினால் போதாது, நாற்பதாம் பக்கத்தில் ஒன்று ஒளிந்திருக்கும்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை அங்கீகரிக்கப் போர்டு மீட்டிங் நடத்தியாக வேண்டும். வெளியிலிருந்து பாட வல்லுநர் இருவர், துணைவேந்தர் அனுப்பும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர். இன்னும் தொடங்காத படிப்புக்கு முன்னாள் மாணவரை எங்கே பிடிப்பது என்று திகைக்காதீர்கள். இயற்பியல் முன்னாள் மாணவர், இப்போது காப்பீட்டு முகவர், சந்தோஷமாக வந்தார்; போகும்போது மூன்று பேராசிரியர்களுக்குப் பாலிசி போட்டுவிட்டுப் போனார். வல்லுநர்கள் ஒரு மணி நேரம் விவாதித்து, ‘அறிமுகம்’ என்பதை ‘ஓர் அறிமுகம்’ என்று திருத்தினார்கள்.

தொழில்துறைப் பிரதிநிதியாக நம் பஸ் ஸ்டாண்டு அண்ணனைத்தான் கூப்பிட்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். போண்டாவைத் தொடவில்லை. எல்லாம் முடிந்து கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது ஒன்றே ஒன்று கேட்டார்: “கடைப் பயிற்சி டிசம்பர்லயா சார் போட்டிருக்கீங்க?”

ஆமாம், செமஸ்டர் இடைவெளி அப்போதுதான் என்றோம்.

“மார்கழியில யாரு சார் ஏசி போடுறா? நானே கடையில உக்காந்து ஈ ஓட்டுவேன். பங்குனி, சித்திரையில அனுப்புங்க. ஒரு நாளைக்குப் பதினஞ்சு கால் வரும், ஆள் இல்லாமச் சாவுறேன். ரெண்டு மாசம் எங்கூட நின்னா வேலை கத்துக்குவானுங்க, சம்பளமும் குடுப்பேன்.”

ஏப்ரலில் பரீட்சை, மேயில் விடுமுறை, கல்லூரி நாட்காட்டி அச்சாகிவிட்டது. இந்த மாதிரிக் கருத்துகளை எதிர்கொள்ளும் முறை எளிது. ‘தொழில்துறைப் பிரதிநிதியின் ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பயணப்படியாக உறையில் ஐந்நூறு ரூபாய் வைத்துக் கொடுத்தோம். கடை நடக்கிற தூரம்தான், ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்து, தொழில்துறையோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்குச் சால்வை, ஃபைல், ஃபிளெக்ஸ், போட்டோகிராபர் தயாராக இருக்கட்டும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. போட்டோவை மட்டும் மூன்று ஆய்வுக்குழுக்கள் கேட்டிருக்கின்றன.

டிசம்பரில் எங்கள் மாணவர்கள் பதினேழு பேரும் ஒழுங்காகக் கடைக்குப் போய் ஈ ஓட்டினார்கள். பதிவேட்டில் கையெழுத்துச் சுத்தமாக இருந்தது. மார்ச் பிறந்ததும் பதினாலாம் நம்பர் வருவதை நிறுத்திவிட்டான். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனது, ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்பட்டது. விதிப்படிதான்.

ஏப்ரலில் தியரி பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் முதல்வர் அறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கீழே ஒரு வாளியை வைத்தார்கள். மேஜையில் எங்கள் பட்டயப் படிப்பின் ஆண்டறிக்கை நனைந்துகொண்டிருந்தது. துறையிலிருந்து யாராவது வந்து பார்க்க முடியுமா என்று முதல்வர் கேட்டார். நாங்கள் மூன்று பேர் போய் அண்ணாந்து பார்த்தோம். பிறகு பஸ் ஸ்டாண்டு அண்ணனுக்கு போன் போட்டேன்.

“நான் வேற சைட்ல இருக்கேன் சார், பையன அனுப்புறேன்.”

பையன் அரை மணியில் வந்தான். செருப்பை வாசலில் விட்டான், சோபாமேல் துணி விரித்தான், ஏணி போட்டு ஏறினான். டிரெயின் பைப்பில் அடைப்பு என்று சொல்லிக்கொண்டே கழற்றினான். பதினாலாம் நம்பர்.

ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இங்கே ஒரு குறிப்பு: மாணவன் ஏணியில் நிற்கும்போது வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் ஃபீஸ் கட்டச் சொல்லக்கூடாது. இறங்கிப் பில் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.