ஃபாயில் பலகை இலக்கணம்: கராஜ் படலம்

நீரில் மிதப்பதற்கென்று செய்யப்பட்டு, நீரைவிட்டு எழும்பும்போது மட்டுமே மதிக்கப்படும் பொருள் ஃபாயில் பலகை. அதன் அடியில் முக்கால் மீட்டர் அளவுக்கு ஒரு தண்டு. தண்டின் அடிமுனையில் முன்னிறக்கை ஒன்று, பின்னிறக்கை ஒன்று. வேகம் கூடியதும் இறக்கை மேலே தள்ள, பலகையும் ஆளும் காற்றில், இறக்கை மட்டும் நீரில் என்றாகிவிடும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே இரண்டு முழ இறக்கையே ஒரு ஆளைச் சுமந்துவிடும். கராஜ் என்பது அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டு, நாளடைவில் கார் தெருவில் நிற்கக் காரணமாகும் அறை. இவ்விரண்டும் கூடும் இடத்தில் நிகழ்வனவற்றை வகுத்துரைப்பதே இப்படலத்தின் வேலை.

முதலில் நிலமும் பொழுதும். நிலம், ஓரிகன் மாநிலத்து ஹூட் ரிவர். கோடையில் உள்நாட்டு வறண்ட நிலம் காய்ந்து, கடலோரக் குளிர்காற்றைக் கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே இழுக்கிறது. ஆறு மேற்கே ஓடுகிறது, காற்று கிழக்கே வீசுகிறது. இரண்டும் மோதுவதால் ஆற்றிலேயே அலை எழுகிறது. பொழுது இரண்டு: உடைக்கும் பொழுது, கட்டும் பொழுது. கோடையில் பலகைக்குப் பூசும் ரெசின் நன்றாக உறையும், ஆனால் கட்ட வேண்டியவர் ஆற்றில் இருப்பார். குளிர்காலத்தில் அவர் சும்மா இருப்பார், ரெசின் உறையாது. இத்துறையின் துன்பங்களில் பாதி இந்தப் பொழுது மயக்கத்தில் பிறப்பவை.

இதற்கு முன்னோர் உண்டோ எனின், உண்டு. இத்தாலியின் மஜோரே ஏரியில் 1906-ல் என்ரிகோ ஃபோர்லானினி இறக்கைப் படகு ஓட்டினார். தொலைபேசிக்காரர் என்று மட்டுமே நாம் பள்ளியில் படித்த கிரகாம் பெல்லும் அவருடைய கூட்டாளி கேசி பால்ட்வினும் கட்டிய எச்.டி.-4 இறக்கைப் படகு 1919-ல் நோவா ஸ்கோஷியாவில் மணிக்கு 114 கி.மீ. வேகம் தொட்டது. அலைச்சறுக்கு வீரர் லேர்ட் ஹாமில்டன் பனிச்சறுக்குக் காலணிகளைப் பலகையோடு இறுக்கிக்கொண்டு பெரிய அலைகளின் மேல் மிதந்து போனதை 2003-ல் வந்த ‘ஸ்டெப் இன்டு லிக்விட்’ ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. 2016 வாக்கில் ஹவாயின் மௌயித் தீவில் கை லெனி என்ற மற்றொரு வீரர் காலணி இல்லாமல் அதையே செய்து காட்டினார். பார்த்தவர்கள் அனைவரும் தத்தம் கராஜுக்குள் போனார்கள்.

போனவர்களுக்கு அங்கே மூலப்பொருள் ஆயத்தமாக இருந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அமெரிக்க அலைச்சறுக்குப் பலகைக்காரர்களில் பெரும்பாலோர் பாலியூரித்தேன் நுரைக்கட்டைக்குக் கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் என்ற ஒரே ஆலையை நம்பியிருந்தார்கள். 2005 டிசம்பர் 5 அன்று அது முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. மாற்றுத் தேடியவர்களில் பலர் தெர்மாகோலுக்கும் எபாக்ஸி ரெசினுக்கும் திரும்பினார்கள். பத்தாண்டு கழித்து ஃபாயில் வந்தபோது அந்த வித்தை பழகியிருந்தது.

இனிக் கட்டுவோர். இவர் நால்வர். திரையில் வளைவை மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குவரை திருத்தி வரைந்து, பிறகு உப்புத்தாளால் கையோட்டமாகத் தேய்த்து அரை சென்டிமீட்டரைத் தொலைப்பவர் கணினியர். பழைய விண்ட்சர்ஃப் பலகையைக் குறுக்கே அறுத்து வாலை ஒட்டுபவர் அறுப்போர். விருப்பத்தால் வராமல், உடைந்த பலகையை எந்தக் கடையும் எடுத்துக்கொள்ளாததால் வந்தவர் உடைத்தோர். நான்காமவர் சிக்கனர், இவரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடைப் பலகை ஆயிரம் டாலருக்கு மேல், நான் அதில் ஒரு பங்கில் முடிப்பேன் என்பது இவருடைய கொள்கை. அவர் கணக்கேட்டில் தெர்மாகோல் இருக்கும், கண்ணாடியிழைத் துணி இருக்கும், ரெசின் இருக்கும். மரம் குடையும் ரூட்டர், வேக்குவம் பம்ப், டிஜிட்டல் தராசு ஆகியவை இரா. என்னை? அவை அடுத்த பலகைக்கும் பயன்படும் என்பதால். அடுத்த பலகை கட்டப்படுவது, அவை பயன்பட வேண்டும் என்பதால். இச்சுழற்சியில் சிக்கனர் ஒருவர் கடைப் பலகையின் விலைக்குக் கீழே வந்ததாக யாம் அறிந்ததில்லை.

வினை இரண்டு: கட்டல், பழுதுபார்த்தல். இப்பாகுபாடு தெளிவானது என்று முதலில் கொள்க. பின்னால் இது தொல்லை கொடுக்கும்.

பொருள்களில் தலையாயது தெர்மாகோல். நம் ஊர்க் கல்யாண மேடையில் மணமக்கள் பெயரைச் சூடான நிக்ரோம் கம்பியால் வெட்டி எடுக்கிறார்களே, அதே பொருள், அதே கம்பி. கன மீட்டருக்கு 16 கிலோ, 24 கிலோ, 32 கிலோ என மூன்று அடர்த்திகள் வழக்கில் உள்ளன. 80 லிட்டர் பலகைக்கு முதல் வகையில் நுரையின் எடை 1.28 கிலோ, மூன்றாம் வகையில் 2.56 கிலோ. இந்த ஒன்றேகால் கிலோ பற்றி விடியும்வரை வாதிடுவோர், ஈர உடுப்பு அணிந்த தம் எடையைப் பேச்சில் கொண்டுவருவதில்லை.

ரெசின் இருவகை. பாலியஸ்டரில் ஸ்டைரீன் உண்டு. ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி கரைக்காது. எனவே தெர்மாகோல் பலகைக்கு எபாக்ஸி ஒன்றே. இவ்விதி அனைவருக்கும் தெரியும். மீறுவோர் தெரிந்தே மீறுவர். கரையில் வெயிலில் உறையும் குழாய் ரெசின் விற்கிறார்கள், அவற்றில் பல பாலியஸ்டர் வகை. நகக்கண் அளவு விரிசலில் அதைப் பிழிந்து, ஐந்து நிமிடத்தில் கெட்டியானதும் மகிழ்ந்து நீரில் இறங்குவர். உள்ளே இறங்கிய துளி உறைவதற்குள் நுரையைக் கரைத்துவிட்டிருக்கும். மேலே பளபளப்பான மூடி, கீழே எலுமிச்சம்பழம் கொள்ளும் குழி. இது பழுதா, பழுதுபார்த்தலா என்ற கேள்வி இங்கேயே தலைகாட்டுகிறது. ஒத்திவைப்போம்.

எபாக்ஸியின் குணம் மூன்று. ஒன்று, கூட்டமாக இருந்தால் கோபம். கலந்த கிண்ணத்தை மேசையில் மறந்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து, புகைந்து, கிண்ணத்தை உருக்கும். அதையே துணிமேல் மெல்லப் பரப்பினால் சாதுவாக இருக்கும். இரண்டு, குளிரில் சோம்பல். அத்தோடு மேலே மெழுகு போன்ற படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே அழுந்தும், அடுத்த பூச்சு ஒட்டாது. மூன்று, நினைவாற்றல். கையுறை இல்லாமல் கையாண்ட ஒவ்வொரு முறையையும் தோல் கணக்கு வைக்கும். ஒருநாள் அரிப்பு வரும், பிறகு போகாது. இதில் நகைச்சுவை கிடையாது. நைட்ரைல் கையுறை போடுக. தேய்க்கும்போது முகமூடி போடுக.

நுட்பம் ஒன்று: ரெசின் பூசுவது வெப்பம் ஏறும் காலையில் அன்று, இறங்கும் மாலையில். ஏறினால் நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து ஈர ரெசின் வழியே குமிழ் குமிழாக வெளிவரும். இறங்கினால் சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். இதனால்தான் கராஜ்காரர் வீட்டில் இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது. காரணம் இயற்பியல் என்று அவர் சொல்வதை வீட்டார் ஏற்பதில்லை, ஆனால் உண்மையிலேயே இயற்பியல்தான்.

துணிக்கு வெற்று ஒட்டு போதும் என்பார் ஒரு கட்சி. வேக்குவம் பைக்குள் வைத்து அழுத்த வேண்டும் என்பார் மறு கட்சி. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் இருந்தால் இரண்டாம் கட்சியில் சேரலாம். ஆனால் முழு வெற்றிடம் காற்றழுத்தம் முழுவதையும் பலகைமேல் ஏற்றும். அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல். 16 கிலோ தெர்மாகோல் 70 கிலோபாஸ்கலிலேயே நசுங்கிவிடும். பேராசைப்பட்டுப் பம்பை முழுதும் ஓட்டி உறங்கியவருக்குக் காலையில் நல்ல இறுக்கமான ஒட்டு கிடைக்கும், பலகை மட்டும் மெலிந்திருக்கும். பாதியோடு நிறுத்துவதே அறிவுடைமை.

இனி டிராக். பலகையின் அடியில் வால் பக்கமாக இணையாக இரண்டு தடங்கள், நடுவுக்கு நடு 90 மி.மீ. இடைவெளி, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேல். தண்டின் தட்டை 8 மி.மீ. போல்ட் நான்கு இவற்றில் பிடிக்கின்றன. மற்ற பாகமெல்லாம் அழகுக்கு. பலகை என்பது இந்த இரண்டு தடங்களைச் சுற்றி நுரை நிரப்பியது என்று வரையறுத்தாலும் பிழையில்லை. ஏனெனில் நெம்புகோல். தண்டு 80 செ.மீ., தடங்களின் இடைவெளி 9 செ.மீ. அடியில் இறக்கைமேல் பக்கவாட்டில் 20 கிலோ விசை விழுந்தால், மேலே ஒரு தடத்தைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ 180 கிலோ. கோணலாக விழுந்தாலே இது நடக்கும், மணல்திட்டில் இறக்கை முட்டினால் சொல்லவே வேண்டாம். இவ்விசையைத் தெர்மாகோலிடம் ஒப்படைத்தவர் தண்டும் தடமும் ஒரு கவளம் நுரையும் ஆற்றோடு போவதைப் பார்ப்பார். அறிந்தவர் கெட்டி பி.வி.சி. நுரைக்கட்டையை அடியிலிருந்து மேல்தளம்வரை ஊடுருவிப் பதித்து, சுற்றிக் கண்ணாடியிழைத் துணி சுற்றி, அதற்குள் தடத்தை ஒட்டுவர். மேலே இன்னொரு துணி போர்த்துவர்.

இவ்வளவு கெட்டியாகச் செய்ததன் பயன் பின்னர்த் தெரியும். தடத்தை எங்கே வைப்பது என்பதற்கு விதி உண்டு: முன்னிறக்கையின் தூக்குவிசை இரண்டு பாதங்களுக்கும் நடுவே, முன்காலுக்குச் சற்று அருகே விழ வேண்டும். போல்ட் தடத்தில் நகரும் என்பதால் சிறு பிசகு பொறுக்கப்படும். ஆனால் கராஜ்காரர் அடுத்த ஆண்டு வேறு இறக்கை வாங்குவார். அதற்குத் தடம் நான்கு விரல் முன்னே இருந்திருக்க வேண்டும். அப்போது ஒரு குறையும் இல்லாத பலகையின் அடியை ரூட்டரால் பிளந்து, தன் கையாலேயே கெட்டியாக ஒட்டிய கட்டையை உளியால் பெயர்த்து, முன்னே தள்ளி மீண்டும் ஒட்டுவார். இது கட்டலா? பலகை முன்பே இருந்தது. பழுதுபார்த்தலா? பழுதே இல்லை. உடைந்தது யாரால் எனின் பழுதுபார்ப்பவரால். இருவகை வினை என்ற நம் பாகுபாடு முதன்முதலில் விரிசல் விடும் இடம் இது. இதற்கு எபாக்ஸி இல்லை.

பழுதுகளை இடம்பற்றிப் பிரித்தால் மூக்குப் பழுது, விளிம்புப் பழுது, தடப் பழுது என வரும். அது எளிது, விட்டுவிடுக. ஆக்கியோன்பற்றிப் பிரிப்பதே பயன் தரும். ஆள் ஆக்கிய பழுது: முழங்கால் பட்டு மேல்தளம் குழிதல். இறக்கை ஆக்கிய பழுது: கழற்றி வைத்த இறக்கை சுவரில் சாய்ந்து நின்று, நள்ளிரவில் தானே சரிந்து பலகையின் மேல் விழுதல். கராஜ் கதவு ஆக்கிய பழுது: பொத்தானை அழுத்தியவர் வேறொருவர் ஆதலால் இதில் சமாதானம் நெடுநாள் பிடிக்கும். வெயில் ஆக்கிய பழுது தனி அதிகாரத்துக்கு உரியது. அடைத்து மூடிய பலகையைக் காரின் மேல் கட்டி நிறுத்தி, உள்காற்று 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால், கணக்குப்படி மேல்தோலின் சதுர மீட்டர் ஒவ்வொன்றையும் 1,400 கிலோ விசை உள்ளிருந்து தள்ளும். தோல் நுரையைவிட்டு உப்பிப் பிரியும். இதற்காகவே மேல்தளத்தில் சிறு காற்றுத் திருகு வைப்பது. திருகைத் திறக்க மறப்போர், மூட மறப்போர் என மறதி இருவகைப்படும். முன்னவர் பலகை உப்பும், பின்னவர் பலகை குடிக்கும். தானே மூச்சுவிடும் சவ்வுத் திருகும் உண்டு. அதை நம்பாமல் தினமும் திறந்து பார்ப்பவர் மூன்றாம் வகை.

உப்புநீர் ஆக்கியது இன்னொன்று. அலுமினியத் தண்டு, எஃகு போல்ட், கார்பன் துணி மூன்றும் உப்புநீரில் கூடினால் மின்கலமாகி அலுமினியத்தைத் தின்னும். போல்ட் இறுகிப் பிறகு எந்தச் சாவிக்கும் அசையாது. ஹூட் ரிவர்காரர் நன்னீரில் இருப்பதால் இதில் அலட்சியம் காட்டுவர். மௌயிக்கு விடுமுறை போய் வந்ததும் அலட்சியம் நீங்கும்.

எல்லாப் பழுதிலும் கொடியது நீர் குடித்தல். தெர்மாகோல் மணிகளுக்கு இடையே சந்து உண்டு; மயிரிழை விரிசல் போதும், நீர் உள்ளே ஊர்ந்து தங்கும். அறியும் வழி தராசு. சிக்கனர் தராசு வாங்கியதன் நியாயம் இங்கே ஒருவாறு நிலைநாட்டப்படுகிறது. அடியில் துளையிட்டு, மின்விசிறி முன் வாரக்கணக்கில் கவிழ்த்து வைப்பது, அல்லது பம்பால் உறிஞ்சுவது மருத்துவம். முழுதும் உலராமல் மூடினால் வெயிலில் நீராவியாகி மீண்டும் தோலைக் கிளப்பும்.

இங்கே ஒரு கடைசி வகை எஞ்சுகிறது. பலகை 200 கிராம் கூடியிருப்பதாகத் தராசு சொல்கிறது. விரிசல் எங்கும் தென்படவில்லை. ஐயம் தீராமல் மேல்தளத்தில் ஒரு துளை போடுகிறார்கள். உள்ளே எலும்புபோல் உலர்ந்திருக்கிறது. கூடிய 200 கிராம், கால் வழுக்காமல் இருக்க ஒட்டிய புது ரப்பர் விரிப்பு. இப்போது அந்தத் துளையை அடைப்பது எவ்வினை? உடைந்தது சீராவதால் பழுதுபார்த்தல் என்பர் ஒரு சாரார். ஐயத்தால் பிறந்தது பழுதாகாது, ஆகவே கட்டலே என்பர் மற்றொரு சாரார். துளைதான் போட்டாகிவிட்டதே, காற்றுத் திருகு ஒன்றை அங்கே வைத்துவிடலாம் என்பது மூன்றாம் கட்சி. அப்பலகையில் ஏற்கெனவே ஒரு திருகு இருப்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால், வழக்கில் இருப்பது அதுவே.