ஆலோசகர் மூவர்

கேள்வி: நண்பர்கள் ஐவர் ஞாயிறுதோறும் கூடி ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறோம். சச்சரவு இல்லாமல் ஓர் ஆட்டமும் முடிவதில்லை. ஆட்டத்தை மாற்றுவதா, ஆட்களை மாற்றுவதா?
– ஒரு வாசகர், வையம்பட்டி

பதில்: ஆடுவோர் இருவர், கூடுவோர் ஐவர் என்றால், எஞ்சிய மூவரும் மந்திரி பதவியைத் தாமே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதை அறிய ஜோதிடம் வேண்டியதில்லை. 3 புலி, 15 ஆடு, 23 சந்தி கொண்ட இவ்வாட்டத்தில், ஆடுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை ஒன்றையும் நகர்த்தலாகாது என்பது நியமமாதலால், புலி தாண்டிக் குதிக்க அப்பால் வெற்றிடமே இல்லாதபடி ஆடுகளை ஒன்றையொன்று அண்டி நிற்கவைத்து, முடிவில் மூன்று புலிகளையும் அசையவொட்டாமல் அடைத்துவிடும் அந்த மகா தந்திரத்தை மௌனமாகத்தான் நடத்த முடியும், "அங்கே வைக்காதே, வெட்டிவிடுவான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்த க்ஷணமே புலிக்காரனுக்கும் காது உண்டு என்பதை உம்முடைய மந்திரிகள் மறந்துவிடுகிறார்கள். (புலிக்காரனுக்கும் ஒரு மந்திரி இருப்பாரே, அவரும் சும்மா இருப்பாரா?)

ஐவரும் சேர்ந்தே ஆடவேண்டுமென்றால், உமது ஜில்லாவிலேயே ஸ்ரீரங்கம் இருக்கிறது. அங்கே வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கென்றே ஆடும் பரமபத சோபான படத்தில், ஏணியும் பாம்பும் தாயத்தின் தயவாதலால், யோசனை சொல்வாருக்கு உத்தியோகமே கிடையாது. ஆனால் அதை ஞாயிறுதோறும் ஆடினால் மூளைக்கு நிரந்தர விடுமுறை.

ஆகவே ஆட்டமும் ஆட்களும் அப்படியே இருக்கட்டும். வாய் திறக்கும் மந்திரி அன்றைய காபிச் செலவை ஏற்க வேண்டும் என்று இந்த ஞாயிறே சட்டம் செய்துவிடும்.