அந்தர்வேதியிலிருந்து ஒரு கடிதம்

ஹார்டின், இல்லினாய்ஸ்

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

வானளாவிய மாளிகைகளுக்கு நடுவே நான் வாசம் செய்வதாக மன்னி ஊரெல்லாம் சொல்லிவருவதாய்க் கேள்வி. அந்தக் கீர்த்தியைக் கெடுக்க மனமில்லையாயினும், உள்ளபடியே எழுதுகிறேன். நான் இருக்கும் இந்தக் கால்ஹூன் கவுண்டியானது, கிழக்கே இல்லினாய்ஸ் நதியும் மேற்கே மிஸ்ஸிஸிப்பி மகாநதியும் நெருக்கிப் பிடிக்க, தெற்கே அவ்விரண்டும் சங்கமிக்குமிடத்தில் போய் முடிகிற, சில இடங்களில் ஐந்து மைல் அகலங்கூட இல்லாத குறுகலான அந்தர்வேதி. சுற்றுவட்டாரத்தையெல்லாம் இழைத்துச் சமமாக்கிய ஆதிகாலத்துப் பனிப்பாறைகள், இங்குள்ள குன்றுகளை மட்டும் தீண்டாமல் விலகிப் போயின என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். பனிப்பாறைக்கே அந்தக் கதி என்றால், ரயிலைப் பற்றிக் கேட்பானேன்? அது ஒருநாளும் இந்த மண்ணை மிதித்ததில்லை.

ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் குறைவில்லை. ஹாம்பர்க் உண்டு, புரூசெல்ஸும் உண்டு, ஒவ்வொன்றிலும் ஜனத்தொகை இருநூறுக்கும் கீழே! கவுண்டி முழுவதிலும் 2010-இல் 5,089 பேர் இருந்தார்கள். 2020-இல் 4,437 பேர். நம்மூர்த் தேருக்கு வடம் பிடிக்கிற கூட்டத்தில் பாதி தேறாது.

இல்லினாய்ஸ் நதியைக் கடக்க இங்கே இருப்பது 1931-ஆம் வருஷத்துப் பாலம் ஒன்றுதான். சோளமும் சோயாவும் ஏற்றிய பார்ஜுகளை வரிசை வரிசையாய்ச் சேர்த்துக் கட்டி, ஒரு விசைப்படகு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போது, அந்தப் பாலம் தன் நடுப்பாகத்தை அப்படியே மேலே தூக்கி வழிவிடுகிறது. காரில் வந்த மனுஷ்யர்கள் காத்திருக்க வேண்டியதுதான். மற்ற இடங்களில் காரோடு படகேற வேண்டும். புரூசெல்ஸ் துறையில் ராஜாங்கமே இலவசமாக அக்கரை சேர்க்கிறது. மிஸ்ஸிஸிப்பிப் பக்கம் போனால் காசு கேட்பார்கள்.

ஜனங்கள் பேச்சில் மகா சிக்கனம். சாலையில் எதிர்ப்படுகிறவர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஆள்காட்டி விரலை மட்டும் அரை அங்குலம் உயர்த்துவார். க்ஷேமமா, மழை எப்படி, வந்த விருந்தாளி போய்விட்டாரா என்கிற சகல விசாரணையும் அந்த விரலில் அடக்கம். பட்டணத்திலிருந்து வந்தவர் யாராவது உற்சாகமாகக் கையையே வீசிவிட்டால், ஏதோ ஆபத்து என்று வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

1993-இல் வெள்ளம் வந்து, கரை உடைந்து, பாலத்துக்குக் கிழக்கேயுள்ள சாலை முழுகிப்போனதைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இன்னமும் நதியைப் பார்த்துச் சொல்லிக்காட்டுகிறார். ஆனால் அயலூரான் எவனாவது, "இப்படிப்பட்ட இடத்தில் எதற்காக இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டாலோ, ஒரு கூடைப் பீச் பழத்தை அவன் வண்டியில் ஏற்றிவைத்து, "அக்கரைக்குப் படகு நிற்கிறது, போய்ச் சேருங்கள்" என்று விடைகொடுத்துவிடுகிறார்.

இப்படிக்கு,
தம்பி