யானைக்கு எத்தனை அங்குலம்?

ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போகிறவர் முதலில் தீர்க்கவேண்டியது விசா அல்ல, துப்பாக்கிக் குழலின் விட்டம். லண்டன் துப்பாக்கி நிறுவனம் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம் யானைக்கும் எருமைக்கும் போதும் என்று அங்கே பல இடங்களில் விதி. விதி குறைந்தபட்சத்தைத்தான் சொல்லும். மானமுள்ளவர் அதோடு நிற்பாரா? .416, .470, .500 என்று படியேறி .700 நைட்ரோ எக்ஸ்பிரஸில் போய் நிற்பதே முறை. அதன் குண்டு ஒன்று சுமார் 65 கிராம். சுட்டால் யானை விழுகிறதோ இல்லையோ, சுட்டவர் விழ வாய்ப்புண்டு. யாரோ ஒருவர் விழுந்தால் வேட்டை நடந்ததாகத்தானே கணக்கு?

அந்தக் கால யானை வேட்டைக்காரர் கராமோஜோ பெல் 7 மி.மீ. தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே என்று படித்தவர். மூளை இருக்குமிடம் தெரியாதவர்களுக்காகத்தானே பெரிய துப்பாக்கியே செய்கிறார்கள்! குறி தப்பினால் பின்னால் நிற்கும் தொழில்முறை வேட்டைக்காரர் சுட்டுவிடுவாரே என்பது அடுத்த ஆட்சேபம். சுடட்டுமே, போட்டோவில் அவரா நிற்கப்போகிறார்?

தென்னாப்பிரிக்காவில் வேலிக்குள் சிங்கம் சுடப்போவோருக்கு மட்டும் சலுகை தரலாம். கூண்டில் பிறந்து, புட்டிப்பால் குடித்து, ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாடு வந்துவிட்டது என்று எட்டிப்பார்க்கும் சிங்கத்துக்கு .375 தாராளம். மிச்சப்படும் பணத்தில், வரவேற்பறையில் மாட்ட நல்ல ஆணியாக வாங்கிக்கொள்ளலாம். அதில் சிக்கனம் கூடாது, தலைக்கனம் தாங்கவேண்டும்.