பெயர் குத்தகை, எழுத்து சொந்தம்
(கேள்வி – பதில்)

சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்குவது எப்படி, அதில் நாலு பேர் விரும்பிப் படிக்கும்படி எழுதுவது எப்படி? வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். நிறையப் பேர் படிக்கிறார்கள். தனியாக ஒரு தளம் எதற்கு?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

ஐயா, போன ஆடி மாதம் நீங்கள் எழுதியதை இப்போது தேடி எடுக்க முடிகிறதா? அது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், ஃபேஸ்புக் அடுத்தவர் திண்ணை. இப்படி எத்தனையோ பேர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டிஸ் 2009இல் அமெரிக்காவில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. மைஸ்பேஸ் மூடப்படவில்லை. ஆனால் சர்வர் மாற்றும்போது பல ஆண்டுகளாக மக்கள் ஏற்றி வைத்திருந்த பாட்டும் படமும் அழிந்துவிட்டன என்று 2019இல் கைவிரித்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபோது, எத்தனையோ பேரின் உழைப்பு ஒரே அறிவிப்பில் நின்றுபோனது.

ஃபேஸ்புக்கை விட வேண்டாம், ஊர் கூடுவது அங்கேதான். கட்டுரையை உங்கள் தளத்தில் வைத்துவிட்டு, அங்கே போய் எல்லோரையும் அழைத்து வாருங்கள்.

டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் ஒன்றுதானா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

டொமைன் என்பது பெயர். ஹோஸ்டிங் என்பது உங்கள் பக்கங்கள் குடியிருக்கும் இடம். பெயரைத் தட்டியதும், அந்த இடம் எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடிச் சொல்லும் ஓர் ஏற்பாடு இணையத்தில் இருக்கிறது. அதனால் ஹோஸ்டிங் நிறுவனத்தை நீங்கள் நாளைக்கே மாற்றினாலும் முகவரி மாறாது. வீடு மாறும்போது கதவு எண்ணையும் கையோடு கொண்டுபோவது இங்கே மட்டும்தான் நடக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். டொமைனை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம். பெயர் குத்தகை, இடம் வாடகை, எழுத்து மட்டுமே சொந்தம்.

எவ்வளவு செலவாகும்?
– ஆட்டோ ஓட்டுநர், ஈரோடு

சாதாரணப் பெயர் என்றால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு எவ்வளவு என்று கேளுங்கள், உண்மையான விலை அதுதான். எழுத்தும் படமும் மட்டும் என்றால் பிளாக்கர், கிட்ஹப் பேஜஸ் போன்றவற்றில் இடம் இலவசம். உங்கள் சொந்த டொமைனை அவற்றோடு இணைத்துக்கொள்ளலாம். காசு குறைவாக இருந்தால் பெயருக்குச் செலவழியுங்கள், இடத்துக்கு அப்புறம் பார்க்கலாம்.

தெரிந்த பையன் ஒருவன் தளம் அமைத்துத் தருகிறேன் என்கிறான். எல்லாவற்றையும் அவனிடமே விட்டுவிடலாமா?
– மரச்செக்கு எண்ணெய்க் கடைக்காரர், காங்கேயம்

வேலையை விடுங்கள், பதிவை விடாதீர்கள். கொத்தனார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பத்திரத்தை அவர் பெயரிலா பதிவோம்? டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் செல்பேசி எண்ணில் இருக்கட்டும். தம்பி வேலைக்காக வெளிநாடு போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் மடல் அவர் பெட்டியிலேயே கிடக்கும். கெடு தாண்டிய பெயர் சில வாரங்களில் ஏலத்துக்கும் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தொழிலின் பெயர் அப்படித்தான் கைவிட்டுப் போனது. அதை இன்றுவரை மீட்க முடியவில்லை.

என் கடைத் தளத்தில் என்னதான் போடுவது?
– அதே கடைக்காரர்

முதலில் விலை, கடை திறக்கும் நேரம், வழி, தொலைபேசி எண். அந்த எண்ணைப் படத்துக்குள் எழுதாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் வாடிக்கையாளர் தொட்டவுடன் அழைப்பு போகும்.

அடுத்து, கல்லாவில் உட்கார்ந்து நீங்கள் தினமும் சொல்லும் பதில்கள். செக்கு எண்ணெய் காய்ச்சும்போது ஏன் நுரைக்கிறது? அடியில் கசடு தங்கினால் கெட்டுவிட்டது என்று அர்த்தமா? எத்தனை நாள் வைத்துப் புழங்கலாம்? ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். “தரத்தில் சமரசம் இல்லை” என்ற வரியை எல்லாக் கடையும் எழுதிவிட்டது. கசடைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்.

நல்ல டொமைன் பெயருக்கு அடையாளம் என்ன?
– புகைப்படக் கலைஞர், காரைக்கால்

போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் தட்டச்சு செய்துவிட்டால் நல்ல பெயர். ழகரம், ஞகரம் வரும் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. கூடுமானால் தவிர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் எல்லாவற்றையும் பதியுங்கள்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியுமா?
– நூலகர், யாழ்ப்பாணம்

முடியும். ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் முறைப்படி ஏற்கப்பட்ட முடிவுச் சொற்கள். ஆனால் எல்லா மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் இவற்றை இன்னும் சரியாக ஏற்பதில்லை. தமிழ்ப் பெயர் ஒன்றும் ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். நாம் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் தமிழ் முகவரிக்கு வழி அகலமாகும்.

20 வருடத்துக்கு முன் கணினியில் அடித்த கட்டுரைகள் இப்போது கிறுக்கலாகத் தெரிகின்றன. தொலைந்தவைதானா?
– சிற்றிதழாளர், கோவில்பட்டி

தொலையவில்லை, பூட்டிக் கிடக்கின்றன. 1990களில் தமிழை இணையத்தில் ஏற்ற சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் வழி திறந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தளத்துக்கு ஒரு ஃபாண்ட், ஃபாண்டுக்கு ஒரு குறியீடு என்று இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழக அரசும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடை ஏற்றது. பழைய கோப்பு எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால், மாற்றி மென்பொருள் ஒரு நொடியில் யூனிகோடாக்கிவிடும்.

மாற்றியபின் ஔகாரத்தை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘பௌர்ணமி’யில் வரும் ‘பௌ’ கணினிக்கு ஒரே உயிர்மெய். அதையே ‘பெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. கண்ணுக்குச் சரியாக இருப்பது மட்டும் இணையத்தில் போதாது. பொது நெறியில் எழுதப்பட்டது நிலைக்கும்.

வேர்ட்பிரஸ் கற்றுக்கொள்வதா, எச்.டி.எம்.எல். கற்றுக்கொள்வதா?
– டிப்ளமா மாணவர், நாகர்கோவில்

அடிக்கடி எழுதப் போகிறீர்கள் என்றால் வேர்ட்பிரஸ். 2003இல் வந்த கட்டற்ற மென்பொருள் அது. உங்கள் எழுத்தை மொத்தமாக வெளியே எடுத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. பத்துப் பக்கம்தான் என்றால் எச்.டி.எம்.எல். போதும். உலகின் முதல் இணையதளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1991 ஆகஸ்டில் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். வெறும் எழுத்தும் இணைப்பும் கொண்ட அந்தத் தளத்தின் 1992ஆம் ஆண்டுப் பிரதி இன்றைய செல்பேசியிலும் திறக்கிறது. எளிமைக்கு அவ்வளவு ஆயுள்.

முதல் வரியை எழுதவே ஒரு மணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?
– சமையல் குறிப்பு எழுதுபவர், திண்டுக்கல்

இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். “இன்றைய அவசர உலகில் ஊறுகாயின் இடம் முக்கியமானது” என்று தொடங்கினால் விரல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும். “எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சை பிடித்தால், முதலில் கரண்டி ஈரமாக இருந்ததா என்று பாருங்கள்” என்று தொடங்குங்கள். உங்கள் அடுப்படியில் நின்றபடி ஒருவர் அதைக் கேட்பார்.

யாரை மனதில் வைத்து எழுதுவது?
– செவிலியர், வேலூர்

ஒருவரை. “பொதுமக்களுக்கு” என்று எழுதினால் சுற்றறிக்கைதான் வரும். சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட உங்கள் சித்திக்கு எழுதுங்கள். எந்தச் சொல் அவருக்குப் புரியாது, எங்கே பயப்படுவார், எதைக் கேட்கக் கூச்சப்படுவார் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும்.

இப்போது யாரும் நீளமாகப் படிப்பதில்லையாமே?
– பொறியாளர், பெங்களூரு

படிப்பதற்கு முன் மேய்ந்து பார்க்கிறார்கள். 1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட ஆய்விலேயே 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். ஆகவே துணைத்தலைப்பு போடுங்கள், பத்தியைச் சின்னதாக்குங்கள், முக்கியமானதை மேலே வையுங்கள். நீளம் கேள்வியைப் பொறுத்தது. ரசப்பொடிக்கு அரைப் பக்கம் போதும். பட்டா மாறுதலுக்கு நாலு பக்கம் எழுதினாலும் ஒரு வரி விடாமல் படிப்பார்கள்.

“அதிர்ச்சி”, “நீங்களே நம்பமாட்டீர்கள்” என்று தலைப்பு வைத்தால்தான் கூட்டம் வருகிறது.
– யூடியூபர், சேலம்

வருகிற கூட்டத்தை எண்ணுகிறீர்கள். திரும்பி வந்த கூட்டத்தையும் எண்ணுங்கள். தலைப்பு என்பது கொடுத்த வாக்கு. உள்ளே அதைக் காப்பாற்றுபவரிடம்தான் மறுபடி வருவார்கள்.

கூகுளில் முதல் இடத்தில் வர வைக்கிறோம் என்று மாதம் ஒரு தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஜவுளிக்கடை உரிமையாளர், கரூர்

வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சொல்லும் சொல்லைத் தலைப்பில் வையுங்கள். நீங்கள் “இல்லப் பயன்பாட்டுத் துணி வகைகள்” என்று எழுதியிருப்பீர்கள், அவர் “கரூர் பெட்ஷீட் மொத்த விலை” என்று தேடுவார். அவர் வாயில் வரும் சொல்தான் உங்கள் பெயர்ப்பலகை.

படங்களைக் கூகுளில் தேடி எடுத்துப் போடுகிறேன். தவறா?
– பயணக் கட்டுரையாளர், ஊட்டி

தவறு. கூகுள் காட்டுகிற படத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. விக்கிமீடியா காமன்ஸில் பொது உரிமப் படங்கள் இருக்கின்றன. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். அதைவிட, உங்கள் செல்பேசியில் நீங்கள் எடுத்த சுமாரான படமே மேல். நீங்கள் அங்கே போனீர்கள் என்பதற்கு அது சாட்சி.

ஏற்றும் முன் படத்தின் அளவைக் குறைத்துவிடுங்கள். செல்பேசிப் படம் பல எம்.பி. இருக்கும், 200 கே.பி. போதும். மலைக்கிராமத்து சிக்னலிலும் பக்கம் திறக்க வேண்டும். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி விவரமும் கொடுங்கள். பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும்.

ஏ.ஐ. ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே, நான் எதற்கு மெனக்கெட வேண்டும்?
– பகுதிநேர எழுத்தாளர், மதுரை

மல்லிகை சாகுபடி பற்றி அது எழுதும். இன்று விடிகாலை மாட்டுத்தாவணிச் சந்தையில் ஒரு விவசாயி கூடையை இறக்கிவிட்டு முதலில் யாரிடம் என்ன கேட்டார் என்பதை அங்கே நின்ற நீங்கள்தான் எழுத முடியும். பிழை பார்க்கவும் தலைப்பு யோசிக்கவும் அதைத் துணைக்கு வையுங்கள். கண்ணையும் காதையும் நீங்கள் கொண்டுபோங்கள்.

மூன்று மாதமாக எழுதுகிறேன். தினமும் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள்.
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பன்னிரண்டு பேர் உங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் காபி போடவே நேரம் சரியாக இருக்கும் அம்மா. அவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்று பாருங்கள், அடுத்ததை அவர்களுக்கு எழுதுங்கள். 1998 பொங்கலில் தன்னார்வலர்கள் சிலர் தமிழ் நூல்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஏற்றத் தொடங்கினார்கள். அந்த மதுரைத் திட்டத்தைத்தான் இன்று உலகெங்கும் தமிழ் படிப்பவர்கள் நாடுகிறார்கள். தளம் தென்னை மாதிரி. நட்டவுடன் அண்ணாந்து பார்க்கக் கூடாது.

எழுதியதைப் பாதுகாப்பது எப்படி?
– வழக்கறிஞர், திருச்சி

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு ஊரில் அல்லது வேறு நிறுவனத்தில். பாஸ்வேர்டோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

என் அம்மாவுக்குக் கோரைப்பாய் நெய்யத் தெரியும், எழுதத் தெரியாது. அவர் பெயரில் தளம் வைக்கலாமா?
– ஒரு மகள், பத்தமடை

இந்த வாரமே வையுங்கள். டொமைனும் தளமும் ஒரு மாலை வேலைதான். முதல் பக்கத்துக்குச் செல்பேசியை அம்மா பக்கத்தில் வைத்துப் பேச விடுங்கள். கோரையை எப்போது அறுப்பது, எத்தனை நாள் தண்ணீரில் போடுவது, எப்படிக் கிழிப்பது, நூல் அறுந்தால் கை என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். ‘நல்ல தமிழுக்கு’ மாற்றாதீர்கள், அந்தச் சொற்கள்தான் நல்ல தமிழ். கீழே அவர் பெயரையும் தேதியையும் போடுங்கள். ஒரு பிரதியைத் தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள்.

தனக்குத் தெரிந்தது இவ்வளவா என்று அவர் அதைத் தடவிப் பார்ப்பார். தளத்தின் முதல் வாசகர் அவராக இருக்கட்டும். படித்துக் காட்டுபவராக நீங்கள் இருங்கள்.